படகு வண்டியில் நான் அடைத்த ஓட்டைகள்

1

பேச்சியம்மன் கோயில் கொடைக்கு இந்த வருஷமும் மலர் போடுகிறார்களாம். மாரியப்பன் அண்ணன் போன் செய்து, ‘அயல்நாட்டில் நம்மவர்’ பகுதிக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார். சிங்கப்பூரில் இருக்கும் வாத்தியார் மகனுக்கும் துபாயில் இருக்கும் பலசரக்குக் கடைக்காரர் மருமகனுக்கும் நடுவில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாராம்.

எனக்குச் சுருக்கென்றது. நான் கடல் தாண்டவில்லை, விமானம் ஏறவில்லை. பாஸ்போர்ட் என்பதைக் கண்ணால் பார்த்ததோடு சரி. காலையில் தம்பானூரில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் நம் ஊர் ஊருணிக் கரையில் இறங்கிவிடலாம். திருவனந்தபுரம் எப்போது அயல்நாடு ஆயிற்று என்று கேட்டேன்.

“மலையாளத்துக்குப் போனவன் போனவன்தாம்லே. உள்ளூர்ப் பக்கத்துல உன்னயப் போட்டா நம்ம ஆளுவளே சிரிப்பானுவ” என்றார்.

சிரிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். போன கொடைக்கு வந்தபோது பந்தியில் சாம்பார் ஊற்றிய பையனிடம் போதும் என்பதற்குப் பதிலாக “மதி, மதி” என்று சொல்லிவிட்டேன். வரிசை முழுக்கச் சிரித்தது. மலையாளத்தாருக்கு இன்னொரு கரண்டி ஊத்துலே என்றது ஒரு குரல். அதைச் சொன்னவன் என் சொந்தச் சித்தப்பா மகன்.

என்னை உள்ளூர்ப் பக்கத்துக்கு மாற்றினால்தான் எழுதுவேன் என்று மாரியப்பன் அண்ணனிடம் முறுக்கிக்கொண்டேன். யோசித்துச் சொல்லு என்று போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஓணம் வந்தது. ஓணத்துக்கு மறுநாள் வேளிக் காயல் கரையில் ஒன்று நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

2

கரமனையில் என் வெல்டிங் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கட்டட உரிமையாளருடையது, அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரின் பெயர். மாற்றட்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு, பெயர் எதற்கு அண்ணாச்சி, எல்லாருக்கும் உங்களைத் தெரியுமே என்றார். தெரியும்தான். அண்ணாச்சி என்று தெரியும். ஆறுமுகம் என்று இந்த ஊரில் என்னைக் கூப்பிடுவது வங்கி ஊழியர் மட்டும், அதுவும் டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட்டு நான் எழுந்து போகாவிட்டால்.

இந்த நகரத்தில் நான் செய்த கேட்டுகள், ஜன்னல் கிரில்கள், மொட்டைமாடிக் கூரைகள் எத்தனையோ. ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. அது ஒரு குறையா என்று நீங்கள் கேட்கலாம். வயது ஏற ஏற அது குறையாகத்தான் தெரிகிறது.

இப்படி இருக்கும்போது கேப்டன் சார் வந்தார். சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பலா மரத்தடியில் ஒரு பழைய போட் ட்ரெய்லர் கிடந்தது. நம் பக்கத்தில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். படகை ஏற்றி, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் இரண்டு சக்கர வண்டி அது. கரைச் சரிவில் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கினால் படகு மிதந்து தன்பாட்டுக்கு வெளியேறிவிடும். வண்டி நனைந்து மேலே வரும். மலைத்தோட்டத்து வெள்ளைக்காரன் ஒருவன் சீமையிலிருந்து வரவழைத்ததாம். அவன் ஊருக்குத் திரும்பும்போது படகோடு சேர்த்துக் கேப்டனின் அப்பா வாங்கிப் போட்டிருக்கிறார்.

இரண்டு பட்டறைக்காரர்கள் பார்த்துவிட்டு, காயலான் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார்களாம். நான் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். மேலே துரு பொரிந்து கிடந்தாலும் உள்ளே இரும்பு கணீரென்றது. செய்யலாம் சார் என்றேன்.

வண்டியின் முன்னால் செய்தவன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. கேப்டன் அதை விரலால் துடைத்துக் காட்டி, வேலை முடிந்ததும் இதன் பக்கத்திலேயே உங்கள் பெயரிலும் ஒரு தகடு அடிப்போம் அண்ணாச்சி என்றார். கூலி பேசியது அப்புறம்தான். என் மனம் ஏற்கெனவே அந்தத் தகட்டில் போய் உட்கார்ந்துவிட்டது.

3

மழைக்காலம் முழுக்க அந்த வண்டிதான் என் உலகம். துருவைச் சுரண்டிச் சுரண்டி நெஞ்செல்லாம் செந்தூள். பட்டை வில்களைப் பிரித்துப் பழுக்கக் காய்ச்சி மறுபடி வளைவு ஏற்றினேன். சக்கரத்துக்கு எங்கே போவது என்று தவித்தபோது பழைய அம்பாசடர் காரின் சக்கரம் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. படகு உட்காரும் கட்டைகளை ஆஞ்சிலி மரத்தில் இழைத்து, கயிற்றுநார் பொதிந்து, மேலே கித்தான் தைத்தேன். கிரில் வேலைக்கு வந்தவர்களை எல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினேன். உனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றாள் என் மனைவி செண்பகம்.

மகள் கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே விடுதி, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவாள். சிறு வயதில் பட்டறையிலேயே வளர்ந்தவள், ட்ரில் மிஷினை என்னைவிட நேராகப் பிடிப்பாள். அம்மன் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தேன். பேச்சியம்மாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று சாப்பிடாமல் கிடந்தாள். பிரியா என்று மாற்றக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாற்றிய பெயரில் அவளை ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை, பழைய பெயரில் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. அதனால் எங்கள் வீட்டில் ‘ஏ பிள்ளே’தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் இரண்டு நீளச் சட்டங்களும் நாலு பக்கமும் மூடிய பெட்டிக் குழாய்கள். அவற்றின் அடிப்பக்கத்தில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. துரு தின்ற ஓட்டைகள் என்று நினைத்து ஒவ்வொன்றாக வெல்டு வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, நோக்குங்க, இது துரு எடுத்த ஓட்டை இல்ல. யாரோ ட்ரில் வச்சுப் போட்டது. எல்லாம் ஒரே அளவு, ஒரே அகலத்துல இருக்கு” என்றாள். இடைவெளிக்கு அவள் வாயில் அகலம்தான்.

இருந்தால் என்ன, ஓட்டை ஓட்டைதானே என்றேன். தண்ணீருக்குள் போகிற வண்டி, எதற்காவது வைத்திருப்பார்கள், அடைக்கவேண்டாம் என்றாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நான் பிறந்த மண் எது என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷம் மழை பொய்த்தால் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும். நான் தொழில் பழகியதே தண்ணீர்த் தொட்டியில்தான். அடைத்து முடித்ததும் என் முதலாளி தொட்டியை நிரப்பி, அடியில் காய்ந்த சாம்பலைத் தூவி வைப்பார். மறுநாள் சாம்பலில் ஒரு புள்ளி ஈரம் இருந்தால் செவிட்டில் அறை விழும். அடியில் ஓட்டை வைத்து ஒருவன் இரும்பு வேலை செய்வான் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

“உங்கப்பனுக்கு வெல்டிங் படிச்சுக் குடுக்க வந்துட்டியோ? போய்க் கம்ப்யூட்டரத் தட்டு” என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மிச்ச ஓட்டைகளையும் அடைத்து, தடம் தெரியாமல் ராவி, ரெட் ஆக்ஸைடு பூசினேன். அடிப்பக்கம் குழந்தையின் முதுகு போல வழுவழுவென்று ஆயிற்று.

4

வண்டி ரோட்டில் ஓட வேண்டுமென்றால் போக்குவரத்து அலுவலகத்தில் காட்ட வேண்டும். கேப்டன் சாருக்கு முழங்கால் வலி, அதனால் நான் போனேன். வண்டியின் பழைய காகிதத்தில் இருந்த மாநிலமே இப்போது இல்லை. திருவாங்கூர்-கொச்சி என்று போட்டிருந்தது. வண்டிக்கே சொந்த ஊர் கைவிட்டுப் போயிருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு நட்பு உண்டாயிற்று.

மலையாளம் சளசளவென்று பேசுவேன், எழுத்துத்தான் எனக்கு ஏறவில்லை. கடைப்பலகை, பஸ் பெயர் வரைக்கும் சரி, விண்ணப்பம் என்றால் மகள் நிரப்பித் தரவேண்டும். அவள் நிரப்பித் தந்ததை நீட்டினேன். ஊழியர் என் பேச்சைக் கேட்டதும் தலையைத் தூக்கி, “நாட்டில் எவிடெயா?” என்றார். சொந்த ஊர் எது என்று அர்த்தம். கரமனை என்றேன். அதல்ல, நாட்டில் என்று மறுபடி கேட்டார். அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, டீக்கடையிலும் ஆஸ்பத்திரியிலும் கல்யாண வீட்டிலும் கேட்பதுதான். ஆனால் இங்கே ரேஷன் கார்டும் ஓட்டும் வைத்துக்கொண்டு, இங்கேயே மகளைப் பெற்று வளர்த்தவன் எத்தனை தடவை வந்த வழியைச் சொல்லிக்கொண்டிருப்பது? சங்கரன்கோவில் பக்கம் என்றேன். ஆ, தமிழ்நாடு என்று அவர் திருப்தியாக முத்திரை குத்தினார்.

பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் அனுமதி இல்லை என்றும் சொன்னார். நியாயம்தான். விளக்குக்கு வயரைக் குழாய்க்குள்ளேயே ஓட்டிவிட்டால் பார்வைக்கு அழகு என்று, சட்டங்களின் மேல்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் போட்டேன். அடியில் எல்லாம் அடைப்பு, மேலே புதுத் துளை. நீங்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

5

ஓணத்துக்கு மறுநாள் வேளிக் காயல் கரையில் கேப்டனின் நண்பர்கள், உறவுக்காரர்கள் என்று நல்ல கூட்டம். செண்பகத்தை நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன். மகள் சரிகைக் கரை போட்ட வெள்ளைக் கசவுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் அவளைப் பிரித்துச் சொல்ல முடியாது, எங்கள் இரண்டு பேரைத்தான் பிரித்துச் சொல்லலாம். வண்டியின் முன்பக்கத்தில் சீமைக்காரன் தகட்டுக்குப் பக்கத்தில் என் தகட்டுக்காக நான் இரண்டு துளை போட்டு வைத்திருந்தேன். கேப்டன் வந்ததும் தகட்டைக் காட்டினார். சாலைக் கடைத்தெருவில் கொடுத்து வெட்டியதாம். ஆறுமுகம், திருவனந்தபுரம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. எல்லார் முன்னாலும் அடிக்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

படகு தண்ணீரில் இறங்கியது. பிசிறில்லாமல் நழுவி, வெள்ளைப் பாயை விரித்துக்கொண்டு மிதந்தபோது கைதட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். வண்டி அவ்வளவு நேரமும் தண்ணீருக்குள்ளேயே நின்றது. பிறகு ஜீப் அதை மேலே இழுத்தது. கரை மேட்டில் ஏறிக் குலுங்கி நின்றதும் சத்தம் கேட்டது.

குழாய்க்குள் தண்ணீர் அலம்பும் சத்தம். பெட்டிச் சட்டம் இரண்டும் வாய் வரைக்கும் காயல் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றன. ஜீப் சற்று அசைந்தாலும் மேல் துளை வழியாகக் குபுக்கென்று துப்பின. கேப்டன் குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினார். வழுவழுவென்று இருந்தது. இங்கே இருந்த ஓட்டையெல்லாம் எங்கே என்றார். தண்ணீர் வடிவதற்குத்தானே அது, உப்புத் தண்ணீர் உள்ளே நின்றால் அடுத்த ஓணத்துக்குள் வண்டி உளுத்துப்போகுமே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது.

“பாண்டிப் பணி.”

நம் ஆட்களின் அரைகுறை வேலைக்கு இங்கே அதுதான் பெயர். வேலை தெரியாதவன் என்று என்னைச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், செய்தது தப்புத்தான். ஆனால் அந்த ஒரு சொல்லில் நானும், என்னைச் செவிட்டில் அறைந்து தொழில் சொல்லித்தந்த முதலாளியும், இதைப் படிக்கிற நீங்களும் மொத்தமாக அடக்கம். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கேப்டனின் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெறுமனே கீழே வந்தது. எனக்கு மலையாளமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

அப்போதுதான் மகள் முன்னால் வந்தாள். கூட்டம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

“அது ஞானாணு அடச்சது. அச்சன் அடய்க்கண்டா என்னு பறஞ்ஞதாணு. ஞான் கேட்டில்லா.”

அடைத்தது நான்தான், அப்பா அடைக்கவேண்டாம் என்றுதான் சொன்னார், நான் கேட்கவில்லை. அட்சரம் பிசகாத மலையாளம். நடந்ததை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் கருவிப் பையிலிருந்து பேட்டரி ட்ரில்லை எடுத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகி, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். எந்தெந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று அவளுக்கு மறக்கவில்லை. முதல் ஓட்டை விழுந்ததும் சிவந்த தண்ணீர் அவள் முகத்தில் கொட்டியது. வாயில் போனதைத் துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். கடைசி ஓட்டை முடிந்து எழுந்தபோது அந்த வெள்ளைப் புடவை முழுக்கத் துருநிறம்.

கேப்டனின் மனைவி ஓடிவந்து தன் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தார். “சாரமில்ல மோளே” என்றார். பரவாயில்லை மகளே என்று. பாண்டிப் பணி என்று சொன்ன அதே மனிதர், “நம்முடெ குட்டியல்லே, ஒரு கைத்தெற்று பற்றியதா” என்றார். நம்ம பிள்ளைதானே, ஏதோ கை தவறிவிட்டது என்று.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். தகப்பன் அடைத்தால் பாண்டிப் பணி, மகள் அடைத்தால் கைத்தவறு. உடைந்த குடம் ஒன்றே.

கேப்டன் சிரித்தபடி தகட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அப்படியென்றால் அண்ணாச்சி மேல் தப்பில்லை, அடித்துவிடுங்கள் என்றார். ரிவெட் கொண்டுவர மறந்துவிட்டேன் என்றேன். ரிவெட் என் பையில்தான் இருந்தது.

6

வீடு திரும்பி மகள் குளித்துவிட்டு வந்தபிறகு, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

“நான் செஞ்சேன்னு சொன்னா நாளைக்கு மறந்துருவாங்கப்பா. நீங்க செஞ்சதுன்னா காலத்துக்கும் சொல்லிட்டே இருப்பாங்க.”

என்னை அச்சன் என்றாயே என்றேன். அதைக் கேட்டிருக்கக்கூடாது. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு அறுத்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அவள் வாயில் அப்பாதான்.

அவள் துவட்டுவதை நிறுத்தினாள்.

“அங்க நின்னு அப்பான்னு கூப்ட்டிருந்தா, நான் சொன்னத யாரு விஸ்வசிப்பா?”

செண்பகம் சோறு போட்டுக் கூப்பிட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் மறுநாள் அதிகாலை பஸ்ஸில் கழக்கூட்டம் போய்விட்டாள். புடவையை மூன்று முறை நனைத்துத் துவைத்தும் கறை போகவில்லை, செண்பகம் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

அவள் என்னைக் காப்பாற்றினாள் என்பதில் சந்தேகமில்லை. பெற்றவன் வயிறு குளிரத்தான் வேண்டும். குளிரவில்லை, எரிகிறது. என்னைக் காப்பாற்ற அவள் என் பக்கம் வந்து நிற்கவில்லை. அவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டு அங்கிருந்து கை நீட்டினாள். அங்கே நின்றால்தான் கை எட்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படித் தெரிகிற அளவுக்கு அவளைப் படிக்க வைத்தது நான்தான்.

தகடு பட்டறை மேஜையில் கிடக்கிறது. கேப்டன் இரண்டு தரம் போன் செய்துவிட்டார். வருகிறேன் சார், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். போகமாட்டேன். செய்த தப்புக்கு என் பெயரைப் போட்டுச் சிரித்திருந்தாலாவது அந்தத் தகடு என்னுடையதாக இருந்திருக்கும். மகள் பொய் சொல்லி வாங்கித் தந்ததை எந்த முகத்தோடு அடிப்பது? அதற்காகப் போட்ட இரண்டு துளைகளும் அப்படியே திறந்து கிடக்கட்டும், அடைத்த வரைக்கும் போதும்.

மாரியப்பன் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. என்னை உள்ளூர்ப் பக்கத்துக்கு மாற்றவேண்டாம். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நடுவில் நீங்கள் போட்ட இடமே சரி. கட்டுரைக்குக் கீழே மனைவி மக்கள் பெயரும் கேட்டிருந்தீர்கள். மனைவி செண்பகம். மகள் பேச்சியம்மாள் என்றே போடுங்கள். பெயரையும் போட்டு, வீட்டு விஷயத்தையும் எழுதிவிட்டானே, அவள் பார்த்தால் கோபிக்கமாட்டாளா என்று நீங்கள் தயங்க வேண்டாம். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.